சாப்பாட்டு மணிக்குப் பிறகும் ஓடும் கம்ப்ரசர்

கோவையின் ஏதோ ஒரு தொழிற்பேட்டையில் மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கிறது. லேத்துகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. ஆட்கள் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால், கம்ப்ரசர் அறை வாசலில், ஓர் இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "காத்து பத்தலை, இன்னொரு கம்ப்ரசர் வேணும், கொட்டேஷனோட வாங்க" என்று முதலாளி போன் செய்ததால் வந்தவர் அவர். கொட்டேஷன் இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.

காற்று தேவைப்படும் இயந்திரம் ஒன்றுகூட இப்போது ஓடவில்லை. ஆனாலும் கம்ப்ரசர் லோடு எடுக்கிறது. 90 விநாடி உறுமுகிறது, 210 விநாடி லோடு இறங்கிச் சும்மா சுற்றுகிறது, மறுபடியும் 90 விநாடி உறுமுகிறது. நாலைந்து முறை இதைக் குறித்துக்கொண்டு அவர் 90-ஐ 300-ஆல் வகுக்கிறார். விடை 30 சதவீதம். கம்ப்ரசர் அடிக்கிற காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எந்த வேலையும் செய்யாமல் குழாய் இணைப்புகளிலும் ஓஸ் வாய்களிலும் கசிந்து போகிறது. காதைத் தீட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் ஒரு சுற்று வந்தால் 'உஸ்' என்ற சத்தம் பத்து இடத்திலாவது கேட்கும். இயந்திரங்கள் ஓடும்போது அந்தச் சத்தம் யார் காதுக்கும் எட்டாது.

அங்கே இருப்பது 50 ஹெச்.பி. கம்ப்ரசர், அதாவது 37 கிலோவாட். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் முழு லோடில் ஓடி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டால் மின்கட்டணம் 17 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய். அதில் 30 சதவீதம் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

"சார், உங்களுக்கு இப்போதைக்குப் புது மெஷின் வேண்டாங்க. லீக்கை அடைச்சுட்டு ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க" என்கிறார் இளைஞர்.

"கம்ப்ரசர் விக்க வந்துட்டு வேண்டாங்கறீங்களே தம்பி?"

"அடைச்ச பொறகும் பத்தலைன்னா, எவ்வளவு பெருசு வேணும்னு அப்பத்தானுங்க சரியாத் தெரியும். இப்ப போட்டா லீக்குக்கும் சேர்த்துத்தான் போடணும்."

இந்த வேலைக்குப் பெயர் டெக்னிக்கல் சேல்ஸ். விசிட்டிங் கார்டில் சேல்ஸ் இன்ஜினீயர், அப்ளிகேஷன் இன்ஜினீயர், ப்ரீசேல்ஸ் கன்சல்டன்ட், சொல்யூஷன் இன்ஜினீயர் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் அச்சாகியிருக்கும். பம்பு, கம்ப்ரசர், சி.என்.சி. இயந்திரம், நூற்பாலைக் கருவி, ஸ்கேன் மெஷின், மென்பொருள் என்று பொருளும் மாறும். கடையில் வைத்து விலை சொல்லி விற்க முடியாத எந்தப் பொருளுக்கும், வாங்குபவரின் இடத்துக்கே போய் அவருடைய கணக்கைப் போட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ள தமிழ்நாட்டில், இந்த வேலையைப் பற்றி வகுப்பில் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. கேள்விப்பட்டவர்களின் வீட்டிலும் "இன்ஜினீயரிங் படிச்சுட்டு சேல்ஸுக்கா போறே?" என்ற கேள்வி நிச்சயம் எழும். வாசல் வாசலாகப் பொருள் விற்கும் பிரதிநிதியின் உருவம்தான் பெற்றோர் மனதில் வருகிறது. அந்த வேலையில் குறையொன்றும் இல்லை, ஆனால் இது வேறு வேலை.

இதன் வேர் ஜேம்ஸ் வாட் காலத்துக்குப் போகிறது. தனிக் கண்டென்சர் வைத்த நீராவி எஞ்சினுக்கு வாட் 1769-இல் காப்புரிமை பெற்றார். 1775-இல் பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்தார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் அவர்களுடைய முக்கியச் சந்தை. அங்கே செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் ஊறும் தண்ணீரை இறைக்க நியூகோமன் எஞ்சின்கள் என்ற பழைய வகை நீராவி எஞ்சின்கள் ஏற்கெனவே இருந்தன. நிலக்கரியோ வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும், விலையும் அதிகம். போல்ட்டனும் வாட்டும் "எங்கள் எஞ்சின் சிறந்தது" என்று சொல்வதோடு நிற்கவில்லை. பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் போதும் என்றார்கள். எஞ்சின் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ண, பூட்டிய பெட்டிக்குள் ஒரு கருவியையும் வைத்தார்கள். வாங்குபவருக்கு மிச்சமானால்தான் விற்பவருக்குப் பணம். இன்று பேபேக் கணக்கு, அதாவது போட்ட பணம் எப்போது திரும்பும் என்ற கணக்கு போடும் ஒவ்வொரு சேல்ஸ் இன்ஜினீயரும் அந்த ஏற்பாட்டின் வாரிசு. பின்னாளில் சுரங்கக்காரர்கள் சிலர் பணத்தை நிறுத்திவைத்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆர்டர் வாங்குவது பாதி வேலை, வசூல் மறுபாதி என்று இந்தத் துறையில் சொல்வது அப்போதே ஆரம்பமாகிவிட்டது.

குதிரைகளை வைத்து ஆலை ஓட்டியவர்களுக்கு வாட் இன்னொரு கணக்கு சொன்னார். ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் அளவுக்கு வேலை செய்யும், இந்த எஞ்சின் இத்தனை குதிரைகளுக்குச் சமம் என்றார். வாங்குபவருக்குத் தெரிந்த அளவுகோலில் பேசியதால் பிறந்த அலகு அது. இன்றும் நம் உழவர் கடையில் போய் "அஞ்சு ஹெச்.பி. மோட்டார்" என்றுதான் கேட்கிறார்.

சரி, புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது? டிப்ளமோவோ பி.இ.யோ, அடிப்படைத் தகுதி அதுதான். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், டெக்ஸ்டைல், கணினி என்று விற்கும் பொருளுக்கு ஏற்ற படிப்பாக இருந்தால் போதும். ஆனால் நேராக விற்பனைக்குள் நுழைவதைவிட, முதல் இரண்டு ஆண்டுகளை சர்வீஸ் பிரிவில் கழிப்பது நல்லது. இது இந்தக் கட்டுரையாளரின் அழுத்தமான கருத்து. பழுதான இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தவருக்கு, அது எங்கே தாங்கும், எங்கே மக்கர் பண்ணும் என்பது தெரியும். இரவு பதினோரு மணிக்கு நின்றுபோன மெஷினைக் காலை ஷிஃப்ட்டுக்குள் ஓட வைத்தவரின் பேச்சுக்கு வாடிக்கையாளர் தரும் மதிப்பே வேறு. சர்வீஸில் இருந்து சேல்ஸுக்கு வந்தவர்களுக்கு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எதையும் அவர்கள் தருவதில்லை. அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற நள்ளிரவில் அலையப் போகிற சர்வீஸ் ஆளின் இடத்தில் அவர்களும் ஒரு காலத்தில் இருந்தவர்கள்.

வாய்ச் சாமர்த்தியம் இருந்தால் போதும் என்ற எண்ணம்தான் பலரைக் கவிழ்க்கிறது. பம்பு விற்கப் போகும் இருவரை எடுத்துக்கொள்வோம். சாய ஆலையில் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வு எப்போதும் பாதி மூடியே இருக்கிறது. ஒருவர் அதைக் கவனிக்கவே இல்லை. மற்றவர் நின்று பார்க்கிறார்: பம்பு தேவைக்கு மேல் பெரிது, அது தள்ளும் தண்ணீரை வால்வால் நெரித்துக் குறைக்கிறார்கள். வால்வைத் திறந்துவிட்டுப் பம்பின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் தண்ணீர் 20 சதவீதம் குறையும். மின்சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. பாதிச் செலவு மிச்சம்! மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் விற்பவர்களின் கையேட்டில் எல்லாம் இந்தக் கணக்கு இருக்கும். ஆனால் அனுபவப்பட்டவர் இங்கே இன்னொரு கேள்வி கேட்பார்: "தண்ணி எவ்வளவு உயரம் ஏறுதுங்க?" குழாய்க்குள் உராய்வை மட்டும் வென்று ஓடும் தண்ணீருக்குத்தான் அந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் மிச்சம் குறையும். வேகத்தை அளவுக்கு மேல் குறைத்தால் தண்ணீரே மேலே போகாது. கையேட்டைப் படித்தவர் 'பாதி மிச்சம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து முகம் காட்ட முடியாமல் போவார். பொறியாளர் அங்கேயே பென்சிலை எடுத்து பம்பு கர்வ் மீது கோடு போட்டுப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்வார்.

வெட்டுக்கருவித் துறையில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. சி.என்.சி. லேத்தில் இரும்பைச் சீவும் இன்சர்ட் உள்ளங்கையில் பத்து அடங்கும், அவ்வளவு சிறிது. இப்போது ஓடுவது 240 ரூபாய் இன்சர்ட். நான்கு முனை, ஒரு முனைக்கு 60 ரூபாய், ஒரு முனையில் 80 பீஸ். பீஸுக்கு 75 காசு. புதியவர் கொண்டுவருவது 360 ரூபாய் இன்சர்ட். ஒரு முனைக்கு 90 ரூபாய், 100 பீஸ் வரும். பீஸுக்கு 90 காசு. பர்ச்சேஸ் மேனேஜர் இந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுவார். விலையும் அதிகம், பீஸுக்கு ஆகும் செலவும் அதிகம் என்றால் யார் வாங்குவார்?

ஆனால் புதிய இன்சர்ட்டில் வேகத்தைக் கூட்டலாம். ஒரு பீஸுக்கு 150 விநாடி ஆனது 120 விநாடியாகிறது. மணிக்கு 24 பீஸ் வந்த இடத்தில் 30 பீஸ். இயந்திரத்தின் மணிச் செலவு 400 ரூபாய் என்றால், பீஸுக்கு 16 ரூபாய் 67 காசு ஆனது 13 ரூபாய் 33 காசாக இறங்குகிறது. இன்சர்ட்டில் 15 காசு போகிறது, இயந்திர நேரத்தில் 3 ரூபாய் 34 காசு வருகிறது. ஒரு பொருளின் உற்பத்திச் செலவில் வெட்டுக்கருவியின் பங்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்பது இத்துறையில் புழங்கும் பொதுவான கணக்கு. அந்த 3 சதவீதத்தில் பேரம் பேசுவதைவிட, மீதி 97-ஐக் குறைப்பது எப்படி என்று காட்டுவதுதான் சேல்ஸ் இன்ஜினீயரின் வேலை.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. மணிக்கு 30 பீஸ் வந்தால் அதை வாங்க ஆள் இருக்கிறதா? அடுத்த கட்டமான கிரைண்டிங்கில் 22 பீஸ்தான் ஓடும் என்றால், லேத்தில் மிச்சம் பிடித்த நேரத்துக்குப் பயன் இல்லை. காகிதத்தில் மட்டும் லாபம் காட்டிவிட்டு வந்தால், அடுத்த மாதம் முதலாளியே கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே ட்ரையலுக்கு முன்பே லைன் முழுவதையும் நடந்து பார்த்துவிட வேண்டும்.

ட்ரையல் நாளில் புதியவர் செய்யும் பெரிய தவறு, ஏ.சி. அறையில் மேனேஜரோடு காபி குடித்துக்கொண்டு இருந்துவிடுவது. மெஷின் முன்னால் நிற்கும் ஆபரேட்டருக்கு அந்த இன்சர்ட் பிடிக்கவில்லை என்றால் ஆர்டர் வராது. "சிப் சுத்துதுங்க" என்று அவர் சொன்னால், சீவல் நீளச் சுருளாகி பீஸைச் சுற்றிக்கொள்கிறது, அவர் ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கொக்கியால் இழுக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். டேட்டா ஷீட்டில் இது இருக்காது. ஃபீடைக் கொஞ்சம் ஏற்றினாலோ வேறு சிப் பிரேக்கர் போட்டாலோ சீவல் துண்டு துண்டாக விழும். அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "அண்ணா, இப்ப பாருங்க" என்று அவர் கையிலேயே ஓட்டவிட்டவருக்குத்தான் அந்த ஷாப்பில் இடம் கிடைக்கும்.

கேட்கத் தெரிவது பற்றி ஆய்வே நடந்திருக்கிறது. நீல் ராக்கம் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தம் குழுவோடு 35,000 விற்பனைச் சந்திப்புகளை அலசி 1988-இல் ஒரு புத்தகம் எழுதினார். சிறிய பொருள்களில் பலன் தரும் "இப்பவே முடிச்சுடுங்க சார்" வகை அவசரம் பெரிய விற்பனைகளில் எடுபடுவதில்லை என்று அவர் கண்டார். நன்றாக விற்பவர்கள் வாடிக்கையாளரின் சிக்கலைக் கேட்டதோடு நிற்காமல், அந்தச் சிக்கலால் வேறு எங்கெல்லாம் இழப்பு என்றும் கேட்டார்கள். மெஷின் அடிக்கடி நிற்கிறது என்றால், அதனால் டெலிவரி தள்ளிப்போய் எந்த ஆர்டர் கைநழுவியது, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் எவ்வளவு ஆனது என்று கேட்பது அவர்கள் வழி.

மென்பொருளில் இதே வேலை வேறு உடுப்பில் நடக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் விற்பனையாளரோடு சிஸ்டம்ஸ் இன்ஜினீயர்கள் போய், வாடிக்கையாளரின் வேலைக்குக் கணினியைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதற்கென்று தனிக் கட்டணம் இல்லை, எல்லாம் கணினி வாடகைக்குள் அடங்கியது. 1969-இல்தான் ஐ.பி.எம். இந்தச் சேவைக்கும் மென்பொருளுக்கும் தனித்தனி விலை அறிவித்தது. மென்பொருள் தனித் தொழிலாக வளர அது ஒரு முக்கியக் காரணம். ஜின்னி ரோமெட்டி 1981-இல் டெட்ராய்ட் நகரில் சிஸ்டம்ஸ் இன்ஜினீயராக அங்கே சேர்ந்து, விற்பனை, ஆலோசனைப் பிரிவுகள் வழியாக ஏறி 2012-இல் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார்.

1996-இல் தொடங்கிய, சென்னையைத் தளமாகக் கொண்ட ஜோஹோவும், சென்னையில் 2010-இல் தொடங்கி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸும் உலகம் முழுக்க மென்பொருள் விற்கின்றன. இத்தகைய நிறுவனங்களில் ப்ரீசேல்ஸ் ஆள் டெமோ காட்டுகிறார், மாதிரி ஓட்டம் அமைத்துக் கொடுக்கிறார், பாதுகாப்பு பற்றிய நீண்ட கேள்வித்தாள்களை நிரப்புகிறார். அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் வேலை இரவில். டெமோவில் எல்லா வசதியையும் வரிசையாகக் காட்டுபவர் தோற்கிறார். வாடிக்கையாளர் அதுவரை சொன்ன மூன்று தொல்லைகளை மட்டும் எடுத்து, அவருடைய சொந்தத் தரவிலேயே தீர்த்துக் காட்டுபவர் ஜெயிக்கிறார். கம்ப்ரசர் அறை வாசலில் கடிகாரம் பிடித்த அதே பொறுமைதான் இங்கேயும் வேண்டியிருக்கிறது.

பணம் எப்படி? பெரும்பாலும் நிலையான சம்பளம், பயணப்படி, அதன்மேல் டார்கெட்டை எட்டினால் இன்சென்டிவ். தொடக்கச் சம்பளம் மற்ற பொறியியல் வேலைகளைப் போலத்தான் இருக்கும். வித்தியாசம் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தெரியும். ஆனால் டார்கெட் மார்ச் மாதத்தில் ஒரு மனிதரை என்ன பாடுபடுத்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆண்டுக் கடைசியில் ஆர்டரை இழுக்க அள்ளிக் கொடுக்கும் டிஸ்கவுண்ட், அடுத்த ஆண்டின் விலையாக நிலைத்துவிடும். "எனக்கு என்ன?" என்று மேசைக்கு அடியில் கை நீட்டும் பர்ச்சேஸ்காரரும் சில இடங்களில் இருப்பார். அங்கே ஒருமுறை கொடுத்தவர் அந்த வாசலில் பொறியாளராக மறுபடி நுழைய முடியாது. கணக்கைக் காட்டி விற்பவருக்கு அந்தக் கணக்கின் மீதுள்ள நம்பிக்கைதான் முதல், அது போனால் மீதி எதுவும் இல்லை.

அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் விற்பது தனிப் படிப்பு. இரண்டு உறை முறையில் தொழில்நுட்ப உறை முதலில் திறக்கும். அதில் தேறியவர்களின் விலை உறையைத்தான் அடுத்துத் திறப்பார்கள். ஒரு சான்றிதழ் விட்டுப்போனால் ஆறு மாத உழைப்பும் போச்சு. டெண்டர் ஆவணத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் உள்ளவர்களை நிறுவனங்கள் விடுவதே இல்லை.

முன்னேறும் பாதை ஒன்றல்ல. ஓர் ஊரைப் பார்த்தவர் ஒரு மாவட்டம், பிறகு ஒரு மண்டலம் என்று ரீஜனல் மேனேஜர் ஆகலாம். ஆட்களை நிர்வகிப்பதில் நாட்டமில்லாதவர் அப்ளிகேஷன் நிபுணராகவே ஆழம் போகலாம். நூற்பாலையில் ஈரப்பதமா, மருந்து ஆலையில் சுத்தக் காற்றா, இவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று பெயர் எடுப்பதும் பதவி உயர்வுதான். பத்து ஆண்டுகள் வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று காதால் கேட்டவர், தயாரிப்புப் பிரிவுக்குப் போய் அடுத்த மாடல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்திலும் உட்காரலாம். கொங்கு நாட்டில் நான்காவது வழி மிகப் பழக்கமானது: வேலையை விட்டு, அதே நிறுவனத்தின் டீலர்ஷிப்பை எடுத்து, வாசலில் சொந்தப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வது. அப்படிப் போகிறவர் கையில் இருக்கும் முதல், எந்த ஆலையில் எந்த மெஷின் எந்த ஆண்டு போட்டது, யாருடைய மெஷினுக்கு அடுத்த ஆண்டு ஓவர்ஹால் வரும் என்று எழுதிவைத்த நோட்டு. இன்று அது மொபைலில் இருக்கிறது.

பெண்களுக்கு இத்துறை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. மென்பொருள் ப்ரீசேல்ஸில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொழிற்சாலைக் கருவிகளில் குறைவு. திறமை காரணமல்ல. நாள் முழுவதும் சிறு பட்டறைகளில் சுற்றும் ஒரு பெண்ணுக்குப் பல இடங்களில் கழிப்பறைகூட இல்லை. நிறுவனங்கள் தங்கள் பயண ஏற்பாட்டையும், பட்டறைகள் தங்கள் வசதிகளையும் சீர்படுத்தினால் நாளைக்கே மாறக்கூடிய நிலை இது.

கல்லூரி மாணவர்கள் இந்த வேலையை நேரில் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் இன்டெக், சென்னை நந்தம்பாக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் ஆக்மி, பெங்களூரு துமகூரு சாலையில் நடக்கும் இம்டெக்ஸ் ஆகிய கண்காட்சிகளுக்குப் போகலாம். பை நிறையக் கையேடு பொறுக்குவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்பது மேல். சிறு பட்டறை முதலாளி ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பீஸை எடுத்து ஸ்டால்காரரிடம் நீட்டுவார். "இது இப்ப மூணு நிமிஷம் ஆகுது. உங்க மெஷின்ல எவ்வளவுங்க?" ஸ்டால்காரர் அந்தப் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்கும் கேள்வி என்ன என்பதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.